ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை முடிந்திருக்குமே?

கேள்வி: எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு காதல் இசை நகைச்சுவை எழுதுகிறேன். வெளிநாட்டில் சந்திக்கும் ஒருவனை நாயகி வேறு ஆள் என்று நினைத்துவிடுகிறாள். பிரதியைப் படித்த நண்பர்கள் எல்லாரும், ‘நீ யாரென்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமே’ என்கிறார்கள். பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதையையே மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். ஆனால் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நாயகி வாய் திறக்காததற்குக் காரணம் எதுவும் இல்லை, கதை நகரவேண்டும் என்பதற்காகவே சும்மா இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

1935-இல் வந்த ‘டாப் ஹாட்’ என்ற ஹாலிவுட் படத்தை ஒருமுறை பாருங்கள், ஃப்ரெட் ஆஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் நடித்தது, பாடல்கள் இர்விங் பெர்லின். லண்டன் ஹோட்டலில் தங்கியிருக்கும் நாயகி டேல் (ரோஜர்ஸ்), தன் தோழி மேட்ஜின் கணவரை இதுவரை பார்த்ததில்லை. அவர் யாரென்று ஹோட்டல்காரரிடம் கேட்கிறாள், அவரும் கையில் பெட்டியும் கைத்தடியுமாக நிற்கும் ஆளைக் காட்டுகிறார், ஆனால் அந்த நேரம் பார்த்து அந்தப் பெட்டியும் கைத்தடியும் நாயகன் ஜெர்ரியின் (ஆஸ்டேர்) கைக்கு வந்திருக்கின்றன. அப்புறம் அவள் எதற்குக் கேட்கப்போகிறாள்? சந்தேகம் உள்ளவர்தானே கேட்பார்! தனக்குப் பிடித்துப்போனவன் தோழியின் கணவன் என்ற அதிர்ச்சியில் நேராக அறைந்துவிடுகிறாள்.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடித்தது வெனிஸில் நடப்பது. டேல் மறைக்கவே இல்லை, உன் கணவர் என்னிடம் இப்படி நடந்துகொண்டார் என்று மேட்ஜிடமே சொல்லிவிடுகிறாள். மேட்ஜோ தன் நிஜக் கணவரை நினைத்துக்கொண்டு, அவர் அப்படித்தான் என்று அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள். அதே மேட்ஜ் அன்று இரவு ஜெர்ரியோடு டேலை ஆடச் சொல்லித் தூண்டும்போது, தன் கணவனோடு நெருங்கி ஆடச் சொல்லும் மனைவியாக அல்லவா டேலுக்குத் தெரிகிறாள்? உண்மையைச் சொல்லியும் குழப்பம் கூடியது பாருங்கள், உங்கள் நண்பர்களுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. உங்கள் நாயகியையும் பேசவிடுங்கள், கேட்கவிடுங்கள், கிடைக்கிற பதில் இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்தும்படி எழுதுங்கள்.

இன்னொன்று, ஜெர்ரிக்குத் தன்னை வேறு ஆளாக அவள் நினைப்பது தெரியாது. தெரிந்தும் அவன் சும்மா இருந்திருந்தால் அது ஏமாற்று வேலை, பார்ப்பவர்கள் அவனை மன்னிக்க மாட்டார்கள். உங்கள் நாயகனுக்கு இரண்டாம் காட்சியிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள்.

வெளிநாடு என்பதை வெறும் பின்னணியாக விடவேண்டாம். ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரரே இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார், ஹோட்டலில் யாரை யாருக்குத் தெரியும்? இந்தக் காலத்துக் கதை என்றால் கைபேசியில் தேடிப்பார்க்கலாமே என்ற கேள்வி வரும், அதனால் குழப்பத்தைப் பெயரில் வைக்காமல் உறவில் வையுங்கள். சரியான பெயர் தெரிந்தாலும் அவன் யாருக்கு என்ன உறவு என்பதில் தவறலாம்.

பாட்டு விஷயம். ‘டாப் ஹாட்’டில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இருவரும் சேர்ந்து ஆடும் காட்சி, குழப்பம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. முதலில் அவன் அடிகளை அப்படியே திருப்பி ஆடிக்காட்டுகிறாள், முடியும்போது கைகுலுக்கிக்கொள்கிறார்கள். இவர்கள் பொருந்துவார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுவதால்தான் பின்னால் வரும் அறை வலிக்கிறது. உங்கள் முதல் காதல் பாட்டு குழப்பத்துக்குப் பிறகு வருகிறது, அதை முன்னால் கொண்டுபோய் மறுபடி நண்பர்களிடம் படித்துக்காட்டுங்கள்.