ஆண்டு பழகிய சிறுபான்மை இனம் ஜனநாயகத்தில் எப்படி வாழப் பழகுகிறது?

எல்லாருக்கும் வாக்குரிமை வந்த பிறகு, அதுவரை ஆண்டுகொண்டிருந்த சிறுபான்மை இனம் என்ன செய்யும் என்ற இக்கேள்விக்குத் தென்னாப்பிரிக்க வெள்ளையரை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன். என் கணிப்பில், அவர்கள் அரசைத்தான் இழந்தார்கள். அரசுக்கு வெளியே இருந்த சொத்து, கல்வி, தொழில் ஆகியவற்றின் பெரும்பகுதி அவர்களிடமே தங்கிவிட்டது. அதைக் காக்கும் வழியாகத்தான் ஜனநாயகத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

1992 மார்ச்சில் வெள்ளையர் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தையைத் தொடர ஒப்புதல் அளித்தார்கள். அவர்களில் பலர் எதிர்பார்த்தது அதிகாரப் பகிர்வையே அன்றி, அதிகாரத்தை ஒப்படைப்பதை அன்று. ஆனாலும் மாற்றம் பெருங்கலவரமாக முடியாததற்கு, அதே ஆண்டில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ முன்வைத்த சமரசம் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். குறிப்பிட்ட காலத்துக்குக் கூட்டாட்சி நடத்துவது, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதியளிப்பது என்பதே அதன் சாரம். வெள்ளையர் பெரிதும் அஞ்சிய கட்சி ஒன்றின் தலைவரிடமிருந்து அது வந்ததுதான் விந்தை. சொத்துரிமையும் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இடம்பெற்றது.

1994 தேர்தலில் நிறவெறி ஆட்சியை நடத்திய தேசியக் கட்சி 82 இடங்களைப் பெற்றது. 80 இடங்கள் பெற்ற கட்சி துணை அதிபர் ஒருவரை நியமிக்கலாம் என்ற இடைக்கால விதிப்படி அதன் தலைவர் டி கிளார்க், மண்டேலாவின் கீழ்த் துணை அதிபரானார். இரண்டே ஆண்டுகளில் கட்சி கூட்டரசிலிருந்து விலகியது. பெயரை மாற்றிப் பார்த்தும் 2004இல் இரண்டு விழுக்காடு வாக்குகளைக்கூட எட்டாமல், கடைசியில் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிலேயே கரைந்துபோனது.

வெள்ளையரின் வாக்குகள் பெரும்பாலும் ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சிக்கு நகர்ந்தன. ஹெலன் சுஸ்மான் 13 ஆண்டுகள் தனியொரு உறுப்பினராக நாடாளுமன்றத்தில் நிறவெறியை எதிர்த்துப் பேசிய தாராளவாத மரபிலிருந்து வந்த கட்சி அது. அன்று அவரை ஏளனம் செய்த சமூகமே பின்னாளில் அந்த மரபின் நிழலில் ஒதுங்கியது. தனித்து நின்றால் எண்ணிக்கை போதாது என்பதை வெள்ளையர் வாக்குப்பெட்டியிலிருந்து கற்றார்கள். மேற்குக் கேப் மாகாணத்தில் 2009 முதல் இக்கட்சி ஆள்வதற்குக் கலப்பினத்தவர் வாக்குகளும் காரணம்.

நீதிமன்றம் அவர்கள் கண்டுகொண்ட இன்னொரு வழி. கறுப்பின மக்களுக்கு உரிமைச் சாசனமே இல்லாத நாட்டை ஆண்டவர்களின் வழித்தோன்றல்கள், இன்று அரசமைப்பு நீதிமன்றத்தில் சிறுபான்மையினர் உரிமை கோருகிறார்கள். ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம், வெள்ளையரில் பலரின் தாய்மொழியான ஆப்பிரிக்கான்ஸைப் பயிற்றுமொழியாகக் கைவிட்டபோது, அம்மொழி பேசும் வெள்ளையரின் உரிமைக்காக வாதாடும் ஆப்ரிஃபோரம் அமைப்பு தொடுத்த வழக்கு 2017இல் தோற்றது. ஆனால் ‘யுனிசா’ எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான அதேபோன்ற வழக்கில் 2021இல் அவ்வமைப்பு வென்றது. தோற்றபோது தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதையே உண்மையான பழக்கத்தின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வழி, அரசை நம்பாமல் தங்களுக்கென நிறுவனங்களைக் கட்டிக்கொள்வது. சுரங்கங்களில் வெள்ளையருக்கே உரிய வேலைகளைக் காக்கப் போராடிய பழைய தொழிற்சங்கம், இன்று சாலிடாரிட்டி என்ற பெயரில் தொழிற்கல்லூரி நடத்துகிறது. ஆப்பிரிக்கான்ஸ் பேசும் வெள்ளையரான ஆப்பிரிக்கானர் மட்டுமே வாழும் ஒரானியா ஊர் இப்போக்கின் கடைக்கோடி. அதைப் பற்றி வெளியுலகில் எழுதப்படும் அளவுக்கு அங்கே ஆட்கள் குடியேறவில்லை.

இந்தச் சமரசத்தின் விலையைப் பெரும்பான்மையினர்தாம் சுமக்கிறார்கள். 2017இல் அரசு எடுத்த நிலக் கணக்கின்படி, தனிநபர் பெயரிலுள்ள விளைநிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடம் இருந்தது. மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2025 ஜனவரியில், சில சூழல்களில் இழப்பீடின்றியும் அரசு நிலத்தை எடுக்க வழிசெய்யும் நில எடுப்புச் சட்டம் கையெழுத்தானதும், அமெரிக்கா ஆப்பிரிக்கானர்களை அகதிகளாக ஏற்பதாக அறிவித்தது. சாலிடாரிட்டியும் ஒரானியாவும், நாங்கள் இங்கேயே இருப்போம் என்றன. 2024 தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பெரும்பான்மை இழந்த பின் அமைந்த கூட்டரசில் ஜனநாயகக் கூட்டணியோடு, ஆப்பிரிக்கானர் தேசியவாதக் கட்சியான சுதந்திர முன்னணி பிளஸ்ஸும் சேர்ந்தது. அக்கட்சியின் அப்போதைய தலைவருக்குக் கிடைத்தது சிறைத்துறை. ஆனால் நில எடுப்புச் சட்டத்தை எதிர்ப்பவர்களும் அமைச்சரவையிலேயே அமர்ந்திருப்பதால், அடுத்த சோதனை அங்கிருந்தே தொடங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.