பட்டியலில் பிறந்த இனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இனம் என்பது சமூகம் உண்டாக்கியது என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிறமும் மூக்கும் முடியும் கண்ணுக்குத் தெரிகிறதே? அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் படிவங்களில் 'ஏசியன் இண்டியன்' என்று டிக் அடிக்கிறான். அது கற்பனை என்றால் அங்கே அவன் படும் அவமானமும் கற்பனையா?

ஆர்., கடலூர் முதுநகர்

அன்புள்ள ஆர்.,

அவமானம் நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'சமூகம் உண்டாக்கியது' என்றால் 'பொய்' என்று அர்த்தமில்லை; இதை நான் அப்போதே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து ஊரான புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போல ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். அவர் விடவில்லை. பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்தார். 1881இல் ஓர் ஆணை வந்தது: தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர் புதிய குடும்பப் பெயரோடு பதிந்துகொள்ளலாம். பொன்னுத்தம்பி 'லபோர்த்' ஆனார். இப்படிப் பதிந்தவர்களுக்கு 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர், என்று பெயர்.

அப்புறம் 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாக்கினார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், மற்ற இந்தியர். அண்ணன் கையெழுத்துப் போட்டு, தம்பி போடாமல் இருந்தால் இருவரும் வேறு வேறு பட்டியல். 1899இல் மூன்று பட்டியல் இரண்டானது. இந்தப் பதினைந்து வருஷத்தில் யாருடைய மூக்கும் மாறவில்லை. ஆனால் யாருடைய ஓட்டுக்கு எவ்வளவு எடை என்பதை அந்தப் பட்டியல்தான் முடிவு செய்தது. நான் 'உண்டாக்கியது' என்று சொன்னது இதைத்தான்.

கண்ணுக்குத் தெரிகிறதே என்கிறீர்கள். சரி, தெரிகிறது. ஆனால் எந்த வித்தியாசத்தை எண்ண வேண்டும், எங்கே கோடு போட வேண்டும் என்பதை உடம்பு சொல்வதில்லை. 1972இல் மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபோது, மனிதரின் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மரபினம், இனக்குழு, சில சமயம் சாதி, எல்லாவற்றுக்கும் தமிழில் 'இனம்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம்.

உங்கள் அண்ணன் மகன் டிக் அடிக்கும் கட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1923இல் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் குடியுரிமை வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மானுடவியல்படி தான் காக்கேசியர், அதாவது வெள்ளையரின் மரபினத்தைச் சேர்ந்தவர், என்பது அவர் வாதம். சாதாரண மனிதர் கண்ணுக்கு நீங்கள் வெள்ளையர் இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1920 முதல் 1940 வரை அங்கே கணக்கெடுப்பில் நம்மவர் சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் இனம் 'ஹிந்து'. 1970இல் பெரும்பாலும் வெள்ளையரோடு சேர்த்தார்கள். 'ஏசியன் இண்டியன்' என்ற கட்டம் 1980இல்தான் வந்தது. அதுவும் அங்கிருந்த இந்தியச் சங்கத்தினர் கேட்டு வாங்கியது.

அடுத்த தடவை அவனோடு பேசும்போது, அவனை அவமானப்படுத்தியவர்கள் என்ன பெயர் சொல்லித் திட்டினார்கள் என்று கேளுங்கள். படிவத்தில் இருக்கும் பெயரா, வேறு ஏதாவதா? அவனுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் எழுதுங்கள்.