லிப்பிடு பாடத்தை மனப்பாடம் செய்யாமல் படிக்க வழி உண்டா?

"லிப்பிடுகளின் (கொழுப்பு, எண்ணெய் போன்றவற்றின்) அமைப்பு, வேலை என்று பெரிய பட்டியலே இருக்கிறது, உருப்போடுவதைத் தவிர வேறு வழி இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலை மூன்றில் உயிரியல் எடுத்த பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சக்தி சேமிப்பு, வெப்பக் காப்பு, செல் சவ்வு, ஹார்மோன், ஏ டி ஈ கே வைட்டமின் என்று டோட்டோ லாட்டரி எண்கள் மாதிரி ஒப்பிக்கிற பிள்ளைகளைத்தான் தினமும் பார்க்கிறேன்.

நான் ஆசிரியர் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஒரு பள்ளியின் லேப் டெக்னீஷியன். 'பாட்டில் கழுவுகிறவருக்கு என்ன தெரியும்' என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம். செய்முறை வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு சோதனையையும் முதலில் செய்து பார்க்கிற ஆள் நான்தான்.

கொழுப்பைக் கண்டுபிடிக்க எத்தனால் எமல்ஷன் சோதனை உண்டு. பொடித்த நிலக்கடலையில் எத்தனால் விட்டுக் குலுக்கி, தெளிந்ததை மட்டும் தண்ணீரில் ஊற்ற வேண்டும்; வெள்ளையாகக் கலங்கும். ஒரு மாணவி, "அங்கிள், இவ்வளவு நேரம் தெளிவா இருந்தது, தண்ணீரைப் பார்த்ததும் ஏன் வெள்ளையாகுது?" என்று கேட்டாள். ஆசிரியர் வேறு மேசையில் இருந்தார். நானே சொன்னேன்: எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிடும், கொழுப்பு சேராது. போக இடமில்லாமல் பொடித் துளிகளாகப் பிரிந்து நிற்கும். அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை.

பாடம் முழுக்க இந்த ஒன்றுதான். லிப்பிடுகளுக்கு எல்லாம் பொதுவாக ஒரே வடிவம் கிடையாது. தண்ணீரோடு ஒட்டாததுதான் அவற்றை ஒரே குடும்பமாக்குகிறது.

அப்புறம் அவளுக்கு என் அறையில் இருந்த தேங்காய் எண்ணெயைக் காட்டினேன். ரசாயனங்களுக்காக அங்கே எப்போதும் ஏர்கான் ஓடும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், அசையவில்லை. பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய் தெளிவாக ஓடியது. என் வீட்டில் அதே தேங்காய் எண்ணெய் தண்ணீராகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது உருகுவது 24, 25 டிகிரியில். இரண்டுமே ட்ரைகிளிசரைடுதான்: ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு நிறைவுற்றவை, இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. சங்கிலிகள் நேராக நின்று நெருங்கி அடுக்காக அமைவதால் கட்டியாகிறது. சூரியகாந்தியில் பெரும்பாலான சங்கிலிகள் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்திருப்பதால் நெருங்க முடியாது. (சங்கிலியின் நீளமும் கணக்கில் வரும், தெரியும். பின்னூட்டத்தில் வந்து திருத்த வேண்டாம். தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை.)

சக்தி சேமிப்பும் இப்படித்தான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4. அதோடு கொழுப்பு தண்ணீரைச் சுமக்காது. மாவுச்சத்தைப் போல உடல் கல்லீரலில் சேமிக்கும் கிளைகோஜன் தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், எடை கூடும்.

செல் சவ்வுக்கு வருவோம். மூன்று கொழுப்பு அமிலங்களில் ஒன்றை எடுத்துவிட்டு பாஸ்பேட் தலையை வைத்தால் பாஸ்போலிப்பிடு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குப் பிடிக்காது. தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே மறைத்து இரண்டு அடுக்காகத் தானே நிற்கும். யாரும் அடுக்கி வைக்க வேண்டாம். 1925-இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரென்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிடைப் பிரித்து நீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது, அதாவது சவ்வில் இரண்டு அடுக்கு. அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன, ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. முடிவு மட்டும் சரி! மாணவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அப்புறம் மறக்க மாட்டார்கள்.

பெயரைக் கேட்டாலே எல்லோரும் பயப்படுகிற கொலஸ்ட்ரால் அந்தச் சவ்வுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களை எல்லாம் உடல் அதிலிருந்தே செய்துகொள்கிறது.

இதையெல்லாம் ஒரு மாணவி கேட்டதால் சொன்னேன். டியூஷனில் இதே பாடத்துக்கு மனப்பாட அட்டை கொடுத்துக் காசு வாங்குகிறார்கள், பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். ஆசிரியர் தினத்தன்று லேப் பக்கம் ஒரு அட்டைகூட வராது. கேட்டு வாங்குகிற வயது எனக்கு இல்லை, சும்மா சொல்கிறேன். ஆனால் எண்ணெய்ச் சோதனைக்குழாய்களை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்களே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பிள்ளையிடம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்து வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். முடியாது. பிறகு சோப்பு கொடுங்கள். ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடிப்பதால் எண்ணெய் துளிகளாக உடைந்து போய்விடும். சிறுகுடலில் பித்த உப்புகள் செய்கிற வேலையும் அதேதான். கல்லீரல் அவற்றைக் கொலஸ்ட்ராலிலிருந்து செய்கிறது. தேர்வில் இது செரிமானப் பாடத்திலும் வரும், ஒரே படிப்பில் இரண்டு கேள்வி.