25 முதன்மை எண்களோடு இறங்கிவிட்டால் எப்படி?

கேள்வி: 4294967297 முதன்மை எண்தானே? 2 முதல் 97 வரை எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் மீதி வருகிறது. பிரெஞ்சுக் கணித மேதை பெர்மாவே அப்படித்தான் சொன்னார் என்கிறார் எங்கள் டியூசன் சேர்.
– வாசகர், ஹட்டன்

பதில்: கோட்டையில் ரயிலேறி மருதானையில் இறங்கிக்கொண்டு ‘பதுளை வந்தாச்சு’ என்கிறீர்கள். வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம். இந்த எண்ணுக்கு அது 65536ஐச் சற்றே தாண்டும். அதுவரை 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. நீங்கள் தொட்டது 25.

சேர் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் அவரும் பாதிவழியில் இறங்கிவிட்டார். உங்கள் எண், 2இன் 32ஆம் வலுவோடு 1ஐக் கூட்டியது. இதே வரிசையில் முன்னால் வரும், 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு 1ஐக் கூட்டிய 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 1640இல் பெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணித மேதை ஒயிலர் 641ஆல் வகுத்துக் காட்டினார்.

உங்கள் கல்கியூலேட்டரில் பத்து இலக்கம் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. மீதியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். 2இன் 16ஆம் வலு 65536. 641ஆல் வகுத்தால் மீதி 154. 32ஆம் வலு என்பது 16ஆம் வலுவின் வர்க்கம்; அதனால் மீதியையும் வர்க்கித்தால் போதும். 154இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717. ஒன்றுதான் குறைகிறது! ஆக, 32ஆம் வலு 641இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றைக் கூட்டியதுதான் உங்கள் எண். ஈவு 6700417.

641 குருட்டு அதிர்ஷ்டம் அல்ல. இந்த எண்ணின் எந்த முதன்மைக் காரணியும் 64இன் மடங்கை விட 1 கூடியதாகவே இருக்கும் என்பது ஒயிலருக்குத் தெரியும். 1878இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் அதை 128இன் மடங்காக இறுக்கினார். அப்படிப் பார்த்தால் 129, 257, 385, 513, 641. இவற்றில் 129, 385, 513 முதன்மை எண்களே அல்ல. 257? வரிசையில் முன்னால் உள்ள ஐந்தையும் பெருக்கினால் 4294967295; நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. எனவே அவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 2. முதல் உண்மையான பரீட்சையே 641தான்.

இங்கே ‘முடிந்தது’ என்று பேனாவை மூடுபவர்கள்தான் அதிகம். 6700417 உடையுமா என்று பார்க்க வேண்டாமா? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதன் காரணிகளும் அதே 128 விதிக்குள் அடங்கியாக வேண்டும். 257ஐ ஏற்கெனவே தள்ளிவிட்டதால் எஞ்சும் முதன்மை எண்கள் 641, 769, 1153, 1409 மட்டும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆகவே அது முதன்மை எண். நுவரெலியா பஸ் போய்ச் சேருமுன் முடித்துவிடலாம், வளைவுகளில் பேனா வழுக்காவிட்டால்.

இந்த உற்சாகத்தில் அடுத்ததை, அதாவது 2இன் 64ஆம் வலுவோடு 1ஐக் கூட்டியதை, எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அதன் மிகச்சிறிய காரணியே 274177.