தலையில் அடிபட்டு நான்கு மாதமாகியும் தீராத தொல்லைக்கு உணர்வுமைய சிகிச்சை உதவுமா?

கடலூரில் பைக்கிலிருந்து விழுந்த உங்கள் தம்பிக்கு ஸ்கேன் நார்மல். ஆனாலும் நான்கு மாதமாகத் தலைவலி, கண்கூச்சம், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், நடிக்கிறானோ என்று வீட்டில் சந்தேகம் என்கிறீர்கள். தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பு செல்கள் வேலை செய்வதில் வரும் கோளாறு அதில் தெரியாது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கும். அப்புறம் பயமும் தூக்கமின்மையும் தலைவலியைக் கூட்டும், தலைவலி பயத்தைக் கூட்டும்.

உணர்வுமைய சிகிச்சை (Emotion-Focused Therapy), அதாவது உள்ளே கிடக்கும் உணர்வுகளைப் பேசி வெளிக்கொண்டுவரும் மனநல சிகிச்சை, இந்தச் சுழலில் கைவைக்கிறது. கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க் முதலானோர் 1980களில் வளர்த்த முறை. இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்றில் உட்கார்ந்து, “கூடப் படிச்சவன் எல்லாம் வேலைக்குப் போயிட்டான், நீ இருட்டுல படுத்துக் கிட” என்று தன்னையே திட்டும் குரலாகப் பேச வேண்டும். எதிர் நாற்காலிக்கு மாறி, திட்டு வாங்கியவனாகப் பதில் சொல்ல வேண்டும். கோபத்துக்கு அடியில் கிடந்த துக்கம் அங்கேதான் வெளியே வரும். இழந்ததை நினைத்து அழ முடிந்தவனுக்கு எரிந்து விழும் தேவை குறையும்.

இது மூளைக் காயத்துக்கு மருந்து அல்ல. நரம்பியல் மருத்துவரோடு சேர்த்தே செய்ய வேண்டும். இருட்டறையிலேயே வைக்காதீர்கள், முழு ஓய்வு முதல் ஓரிரு நாளுக்குத்தான். சாயங்காலம் சில்வர் பீச்சில் மெதுவாக நடக்கட்டும். வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி என்றால் உடனே அவசரப் பிரிவு. பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது; அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.