‘ஆட்டோகிரோ’ என்ற ஸ்வீடிஷ் வங்கிச் சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘டைரக்ட் டெபிட்’ என்றால் போதும். மின்கட்டணம், வாடகை போன்றவற்றை உங்கள் கணக்கிலிருந்து அந்தந்த நிறுவனமே எடுத்துக்கொள்ள நீங்கள் முன்கூட்டித் தரும் அனுமதிதான் ஆட்டோகிரோ. பால்காரரிடம் “பர்ஸ் அலமாரியில் இருக்கு, மாசக் கணக்கை நீங்களே எடுத்துக்கோங்க” என்று சொல்லிவைப்பது போல.

சரி, சொல்லை அப்படியே விட்டால் என்ன? ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் வரும் ஆட்டோஜைரோ (autogiro) என்பது தலைக்கு மேல் விசிறி சுழலப் பறக்கும் ஒரு வகை விமானம்! ‘கிரோ’ இத்தாலியச் சொல், ‘சுற்று’ என்று பொருள். ஸ்வீடனில் சுற்றுவது பணம், விமானத்தில் விசிறி.

ஆட்டோகிரோவை ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அது வேறு: அதில் தொகையை முடிவு செய்து அனுப்புவது நீங்கள், ஆட்டோகிரோவில் எடுப்பது அவர்கள், தொகையும் பில்லுக்கேற்ப மாறும்.