உழவர் கேள்வி பதில்: மக்காச்சோள மகசூலும் அரசுத் திட்டங்களும்

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் விதைக்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் ஊரில் சிலருக்கு விதையும் உரமும் சேர்ந்த தொகுப்பு மானியத்தில் கிடைத்தது; எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது எந்தத் திட்டம்? அதனால் மகசூல் உண்மையிலேயே கூடுமா?

பதில்: மக்காச்சோளத்திற்கு மானியம் இரண்டு வழிகளில் வருகிறது. 2007-08-ல் நெல், கோதுமை, பயறு வகைகளுக்காகத் தொடங்கப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கத்தில் பின்னர் மக்காச்சோளமும் சேர்க்கப்பட்டது. இதைத் தவிர, தமிழக அரசு தன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் இப்பயிருக்கெனத் தனித் திட்டம் அறிவித்து வருகிறது. 2025-26-ஆம் ஆண்டுக்கு 1.87 லட்சம் ஏக்கரில் 79,000 உழவர்கள் பயன்பெற 40.27 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. உங்கள் ஊரார் பெற்ற தொகுப்பு இவ்விரண்டில் ஒன்றின்கீழ் வந்ததாகவே இருக்கும். வீரிய ஒட்டு விதை, திரவ உயிர் உரம், இயற்கை உரம், நானோ யூரியா போன்றவை இவ்வகைத் தொகுப்புகளில் இடம்பெறுகின்றன.

வட்டாரத்திற்கு இத்தனை ஏக்கர் என்று இலக்கு வைத்துத்தான் தொகுப்பு வழங்கப்படுகிறது. இலக்கு நிறைந்த பின் செல்பவருக்கு அலுவலர் மனம் வைத்தாலும் கொடுக்க இயலாது. ஆகவே விதைப்பு நெருங்கும்வரை காத்திராமல், ஆடி மாதத்திலேயே சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், உழவர்களுக்கான தனி அடையாள எண் ஆகியவற்றுடன் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரைச் சந்தித்துப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உழவன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம்.

மகசூல் கூடுமா என்ற கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். நல்ல ஒட்டு விதையும் உயிர் உரமும் பயன் தருபவை. ஆனால் நானோ யூரியா வந்துவிட்டது என்று மண்ணில் இடும் தழைச்சத்தைக் குறைத்துவிடாதீர்கள். இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) பரிந்துரைக்கப்படுகிறது. மானாவாரிக்கு இதைவிடக் குறைவு. அரை லிட்டர் நானோ யூரியா பாட்டிலில் இருக்கும் தழைச்சத்தோ சில நூறு கிராமைத் தாண்டாது. அது இலை வழியாகத் தரும் துணை ஊட்டம் மட்டுமே. அடியுரமாகக் கால் பங்கு, 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மீதிக் கால் பங்கு என்று தழைச்சத்தைப் பிரித்து இடுவதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மானாவாரியில் மழை பெய்து ஈரம் இருக்கும் நாளைப் பார்த்து மேலுரத்தைச் சற்று முன்பின்னாக இடலாம்.

இடைவெளியையும் கவனியுங்கள். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் விட்டால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள் நிற்கும். முளைக்காத குழிகளைப் பத்து நாளுக்குள் நிரப்பாவிட்டால் எந்த மானியத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. உங்கள் நிலத்திற்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது பண்ணைக்குட்டை, அதாவது மழைநீரைத் தேக்க நிலத்திலேயே வெட்டும் குட்டை. கார்த்திகையில் பயிர் பூக்கும் தருணத்தில் மழை இரண்டு வாரம் பொய்த்தால், அப்போது பாய்ச்சும் ஒரு தண்ணீர் பாதி விளைச்சலைக் காப்பாற்றிவிடும். குட்டை வெட்ட மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். படைப்புழுவுக்கு மூன்று முறை மருந்து அடித்தும் குருத்து கடிபட்டுக்கொண்டே இருக்கிறது. மருந்து போலியா, எங்கள் முறை தவறா?

பதில்: தங்கள் கடிதத்தில் முதல் தெளிப்பு 32-ஆம் நாள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். பிழை அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இப்புழு 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழகத்தில் நுழைந்து பெரும் சேதம் விளைவித்தது. அந்தப் பட்டத்தில் அழிந்த பயிருக்கு அரசு நிவாரணம் தர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அரசுச் செலவிலேயே கூட்டாக மருந்து தெளிக்கும் ஏற்பாடும் நடந்தது. அந்த நாட்களில் கதிர் பிடிக்காத தட்டையை மாட்டுக்கு அறுத்துப்போட்டவர்களின் வேதனையை இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் படித்திருக்கிறேன். ஆகவே தங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

இப்புழுவின் தாயான அந்துப்பூச்சி இலையில் குவியலாக முட்டையிடும்; இரண்டு மூன்று நாளில் பொரித்த சிறு புழுக்கள் இலையைச் சுரண்டித் தின்னும்போது வெண்ணிறச் சன்னல்கள் போன்ற தடங்கள் தெரியும். அந்தக் கட்டத்தில் மருந்து நன்றாக வேலை செய்யும். புழு வளர்ந்து குருத்துக்குள் இறங்கியபின் அதன் எச்சமே மரத்தூள்போல் மேலே அடைத்துக்கொள்ளும். மருந்து உள்ளே போகாது. தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துக் குறியும், வால் பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் புழு பருத்துவிட்டதென்றால், தாமதித்துவிட்டோம் என்று பொருள்.

அடுத்த பட்டத்திற்கு இவ்வாறு செய்யுங்கள். கோடை உழவு செய்து கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுங்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். சயான்ட்ரனிலிப்ரோலும் தயமீத்தாக்சமும் கலந்த விதைநேர்த்தி மருந்தைக் கிலோ விதைக்கு 4 மில்லி வீதம் கலந்து விதைத்தால் தொடக்க வாரங்களில் பயிர் தப்பும்; விதை ஏற்கெனவே நேர்த்தி செய்யப்பட்டதா என்று பையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள் விதையுங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தெளிப்பவர் உள்ளே நடந்து ஒவ்வொரு குருத்தையும் எட்டலாம். பயிர் முளைத்ததுமே ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு 5 வீதம் வைத்துவிடுங்கள். 15 முதல் 20 நாளுக்குள் முதல் தெளிப்பாக, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி அசாடிராக்டின் 1500 பி.பி.எம். அல்லது 0.4 மில்லி குளோரான்ட்ரனிலிப்ரோல். 40 முதல் 45 நாளில் தேவைப்பட்டால் 0.4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் அல்லது 0.5 மில்லி ஸ்பினிடோரம். முன்பு அடித்த மருந்தையே மறுபடி அடிக்கக் கூடாது. காலையிலோ மாலையிலோ, குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்துப்பூச்சி நெடுந்தூரம் பறக்கக்கூடியது என்பதால், ஊரே ஒன்றிரண்டு வாரத்திற்குள் விதைப்பை முடித்தால்தான் இக்கட்டுப்பாடு முழுப் பயன் தரும். உங்கள் பக்கத்திலேயே வாகரையில் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடிபட்ட செடியைப் பிடுங்கிக்கொண்டு ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

கேள்வி: கதிரின் நுனியில் இரண்டு விரற்கடை அளவுக்கு மணி பிடிப்பதில்லை. என்ன குறை?

பதில்: பூக்கும் காலத்து வறட்சி, நெருக்க விதைப்பு, நுண்ணூட்டக் குறை ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ காரணமாகும். மண் பரிசோதனை செய்து துத்தநாகக் குறை இருந்தால் அடியுரத்துடன் துத்தநாக சல்பேட் இடுங்கள். பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்ற ஊட்டச்சத்து, வளர்ச்சி ஊக்கிக் கலவையை ஏக்கருக்கு 3 கிலோ வீதம் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆண் பூ வெளிவரத் தொடங்கும்போது ஒருமுறையும் மணி பிடிக்கும்போது ஒருமுறையும் தெளிக்கலாம். கிணறு உள்ளவர்கள் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக்கொள்ளுங்கள். சிறு, குறு உழவர்களுக்கு அதற்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது.

கேள்வி: பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டினேன். என் வயல் முழுதும் போய்விட்டது, இழப்பீடு வரவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: வறட்சி, பூச்சித் தாக்குதல் போன்ற பரவலான இழப்புகளுக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தனி வயலைப் பார்ப்பதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமத்திலோ குறுவட்டத்திலோ பயிர் அறுவடைச் சோதனைகள் நடத்தி, அங்கு கிடைத்த சராசரி மகசூலை, அப்பகுதிக்கு முன்கூட்டியே நிர்ணயித்த உத்தரவாத மகசூலுடன் ஒப்பிட்டே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. உத்தரவாத மகசூல் 2,000 கிலோவாக இருந்து, அங்குள்ள சராசரி 1,500 கிலோவானால், காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு எல்லோருக்கும் வரும். சுற்றிலும் நன்றாக விளைந்து தங்கள் வயல் மட்டும் அழிந்திருந்தால் வராது. இது கடினமான விதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குறிப்பிட்ட இடத்தில் பெய்யும் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்குத் தனி வயல் அளவில் மதிப்பீடு உண்டு; ஆனால் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். காட்டுப்பன்றித் தொல்லை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால விதைப்பு) பருவம் முதல் வனவிலங்குச் சேதத்தையும் இப்பிரிவில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசு அறிவிக்கை செய்ய வேண்டும் என்பதால், உங்கள் மாவட்டம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உழவர் பங்குக் கட்டணம் காரிஃபில் 2 சதவீதம், ராபியில் (குளிர்காலப் பருவ விதைப்பு) 1.5 சதவீதம்.

கேள்வி: எத்தனால் ஆலைகளால் மக்காச்சோள விலை ஏறும் என்கிறார்கள். நம்பிப் பரப்பைக் கூட்டலாமா?

பதில்: பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை மக்காச்சோளத்திலிருந்தும் எடுப்பதால் தேவை கூடியிருப்பது உண்மை. எத்தனால் ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிகளில் உற்பத்தியைப் பெருக்க லூதியானாவிலுள்ள இந்திய மக்காச்சோள ஆராய்ச்சி நிறுவனம் மூலம் மத்திய அரசு தனித் திட்டமே நடத்துகிறது. ஆனால் தமிழக உழவருக்கு விலையைத் தீர்மானிப்பதில் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவைக்கே இன்னும் பெரும் பங்கு உண்டு. 2025-26-க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அறிவித்த விலைக்கு அரசே கொள்முதல் செய்யும் ஏற்பாடு நெல்லுக்கு இருப்பதுபோல் இங்கு மக்காச்சோளத்திற்கு இல்லை என்பதே என் மனக்குறை.

ஆகவே பரப்பைக் கூட்டுவதற்கு முன் இருக்கும் ஏக்கரின் மகசூலைக் கூட்டுங்கள். ஈரப்பதம் 14 சதவீதத்திற்குக் கீழே இறங்கும்வரை களத்தில் நன்றாகக் காயவைத்து, அறுவடைச் சமயத்தில் விலை சரிந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் இருப்பு வைத்து, அந்த இருப்பின் பேரில் பொருளீட்டுக் கடன் பெறுங்கள். வியாபாரி ஈரம் என்று சொல்லிக் கழிவு கேட்கும் முன், அந்தக் கூடத்து ஈரப்பதமானியில் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.